முழு மிருகம் வேணும்!

எங்கள் வீட்டு விறாந்தையில் இப்போது 24 மிருகங்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. யானை, மான், ஒட்டகச்சிவிங்கி, முயல், ஆமை, பூநாரை, முகத்தை மட்டும் காட்டுகிற ஒரு கரடி. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. முன்கதவைச் சாத்தியாயிற்று. கோழிகளைப் பின்வளவுக்குக் கலைத்தாயிற்று. கிளிநொச்சி வெயில் ஓட்டுக்கு மேலே நின்று காய்ச்சுகிறது. வியர்வை மூக்கு நுனியில் வந்து நிற்கிறது. ஆனாலும் விசிறியைப் போடச் சொல்லி ஒருவர் வாய் திறக்கவில்லை. போட்டால் அத்தனையும் பறந்துவிடும். வாங்கோ, செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே வாங்கோ. பாயின் ஓரமாக நடக்கவேண்டும், அதுமட்டும்தான் நிபந்தனை.

தைப்பது ஒரு பச்சைப்பிள்ளைக்கான போர்வை. புதுக்குடியிருப்பில் இருக்கிற என் மச்சாளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறான். முப்பத்தோராம் நாள் துடக்குக்கழிவு. அன்றைக்குப் பிள்ளையைக் குளிக்க வார்த்து, பேர் வைத்து, சொந்தக்காரர் எல்லாரும் தூக்கிப் பார்க்கிற நேரத்தில் அவன் இந்தப் போர்வையில் கிடக்கவேண்டும். இது அம்மாவின் கட்டளை. அதற்குள் வெட்டி, தைத்து, மடித்து, கரை கட்டி முடிக்கவேண்டும். இடையில் சமையல், மகளின் பள்ளிக்கூடம், கோயில், மாடு, தண்ணீர் இறைப்பு எல்லாம் வழமைபோல நடக்கவும் வேண்டும்.

"பிள்ளை வாறது எப்பவோ தெரியுந்தானே, முந்தியே தொடங்கியிருக்கலாமே" என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி அது. பிள்ளை பிறந்து அழுத சத்தம் கேட்கும்வரை அதற்கென்று ஒரு முழம் துணி வாங்கக்கூடாது, ஒரு சட்டை தைக்கக்கூடாது. பிறந்தவுடன் சுற்றுவதற்குப் பெட்டியில் தோய்த்து மடித்த பழைய வேட்டித்துண்டு இருக்கும், அது போதும். புதுசு எல்லாம் பிறகு. இந்தக் கட்டுப்பாடு நமக்கு மட்டும்தான் உரியது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். யூத வீடுகளின் தையல் வேலைகளைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கியபோது அதே கட்டுப்பாடு அங்கேயும் வந்து நின்றது! கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்கள் பலவற்றில் இன்றைக்கும் பிள்ளை பிறக்கும் முன் தொட்டில் வாங்கி வீட்டில் வைப்பதில்லை, உடுப்பு அடுக்குவதில்லை. கண்ணூறு பற்றிய பயம்தான். அந்த வீடுகளிலும் யாரோ ஒரு அம்மம்மா பிள்ளை பிறந்த சேதி வந்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தேடி ஓடியிருப்பார் என்று எண்ணிப் பார்க்க எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அன்றிலிருந்து இந்தப் போர்வையை இரண்டு வீடுகளிலும் நின்று தைக்கிறமாதிரியே இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். கணக்கு இதுதான். போர்வை முடியும்போது 36 அங்குல அகலம், 48 அங்குல நீளம். 6 அங்குலச் சதுரங்கள், குறுக்கே 6, நெடுக்கே 8. மொத்தம் 48 சதுரம். அதில் 24 மிருகச் சதுரம், 24 ஒன்பது துண்டுச் சதுரம். மாறி மாறி வரும். மிருகச் சதுரத்துக்கு நடுவில் மூன்றரை அங்குலத்தில் மிருகம், சுற்றிவர இரண்டங்குலப் பட்டி. ஒன்பது துண்டுக்கு இரண்டரை அங்குலத்தில் ஒன்பது சின்னச் சதுரங்கள், ஐந்து கடும் நிறம், நாலு வெளிர் நிறம். எல்லாத்தையும் கூட்டினால் 336 துண்டு. ஒவ்வொரு துண்டின் எல்லாக் கரையிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும்.

அந்தக் கால் அங்குலத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சட்டை தைக்கிறவர்கள் அரை அங்குலம், முக்கால் அங்குலம் விட்டுப் பழகியவர்கள். பிறகு பிரித்து விடலாம், பிள்ளை வளரும் என்று கூடவே விடுவார்கள். இங்கே அது சரிவராது. ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடப் போனால் போதும், கண்ணுக்குத் தெரியாத அளவு அது. ஒரு வரிசையில் குறுக்கே 17 தையல் வருகிறது. வரிசை முடியும்போது இரண்டு அங்குலத்துக்கு மேல் காணாமல் போயிருக்கும், பக்கத்து வரிசையோடு எந்த மூலையும் சேராது. அதனால் அம்மா ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, மெசின் தகட்டில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறார். துணியின் கரை அந்தப் பிளாஸ்டரை உரசிக்கொண்டு போகவேண்டும். உரசினால் சரி, ஏறினால் பிழை. எத்தனை விலை கொடுத்தாலும் இதைவிட நல்ல கருவி கிடைக்காது என்பது என் முடிவு.

மெசின் கால்மிதி சிங்கர். சிங்கர் கொம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். அதற்குப் பிறகு இந்தத் தீவில் மெசின் என்று சொன்னாலே தையல் மெசின்தான் என்கிற நிலைமை எத்தனையோ வீடுகளில். வன்னியில் 2010க்குப் பிறகு மீள்குடியேறிய காலத்தில் வாழ்வாதார உதவியாக வீடு வீடாகத் தையல் மெசின்கள் வந்தன. எங்கள் வீட்டு மெசினும் அந்த வரவுதான். கறண்ட் போனாலும் நிற்காது. சக்கரத்தைக் கையால் அரைச் சுற்றுச் சுற்றி, காலால் மிதிக்கத் தொடங்கினால் ஒரு சத்தம் வரும், பக்கத்து வளவில் இருப்பவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து "இண்டைக்கு எந்த மிருகம்?" என்று கேட்பார்.

இப்போது உங்களுக்கு வீட்டின் பெரிய சண்டையைச் சொல்லவேண்டும்.

24 சதுரத்தை மூன்றரை அங்குலத்தில் வெட்ட எவ்வளவு துணி வேணும்? 44 அங்குல அகலத் துணியில் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு விழும். இரண்டு வரிசை. ஏழு அங்குல நீளம் போதும்! அம்மா அப்படித்தான் சோக்கால் கோடு கீறினார். கோடு யானையின் முதுகால் போனது. மானின் கொம்பை ஒரு சதுரத்திலும் காலை இன்னொரு சதுரத்திலும் விட்டது. ஒட்டகச்சிவிங்கிக்குத் தலையே வரவில்லை. மூன்றாம் ஆண்டு படிக்கிற என் மகள் குனிந்து பார்த்தாள். பாயில் குந்திவிட்டாள்.

"அம்மம்மா, வெட்டாதேங்கோ! முழு மிருகம் வேணும்."

"எல்லாம் முழுசா எடுத்தா துணி வீணாப் போகுமடி பிள்ளை."

"தலையில்லாத ஒட்டகச்சிவிங்கியைத் தம்பி பாத்தா பயப்பிடுவான்."

அம்மா சீவியத்தில் ஒரு துண்டுத் துணியை வீணாக்கியதில்லை. கைக்குட்டை அளவு மிஞ்சினாலும் பானை பிடிக்கும் துணியாகும், அதிலும் மிஞ்சினால் விளக்குத்திரி. அப்படிப்பட்டவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, கோட்டைத் தட்டி அழித்தார். தடித்த கடதாசியில் மூன்றரை அங்குல ஓட்டை வெட்டிக் கொண்டுவரச் சொன்னார். அந்த ஓட்டையைத் துணிக்கு மேல் வைத்து நகர்த்த நகர்த்த, ஒவ்வொரு மிருகமும் சன்னலுக்குள் வந்து நின்றது. காது வெளியே போகிறதா, வால் வெட்டுப்படுகிறதா என்று மகள் தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்து அனுமதி கொடுத்தாள். "இது சரி. இது இன்னும் கொஞ்சம் மேல. அம்மம்மா, ஆமைக்குக் கால் வரேல்ல!" ஏழு அங்குலத்தில் முடியவேண்டிய வேலைக்கு ஒரு யார்த் துணியும் போதாமல் போனது. துணி முழுக்க ஓட்டை ஓட்டையாக வலைபோலத் தொங்கியது. தையல் தெரிந்தவர்கள் பலர் பிள்ளைப் போர்வைக்கு இப்படி வெட்டுகிறார்கள் என்று பிறகு அறிந்தேன். எங்கள் விறாந்தையில் அதைக் கண்டுபிடித்தது மூன்றாம் ஆண்டுப் பிள்ளை!

அந்த மிருகத்தைச் சுற்றித் தைக்கிற பட்டிக்கும் பேர் வைத்தது அவள்தான். வேலி. "யானைக்கு வேலி அடைச்சாச்சோ?" என்பாள். ஒரு மிருகத்துக்கு 20 அங்குல வேலி பிடிக்கிறது: இரண்டு பக்கத்துக்கு மூன்றரை, மேலும் கீழும் ஆறரை. யானைக்கு வேலி போடுவது வன்னியில் விளையாட்டுப் பேச்சல்ல. ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிற எங்கள் சொந்தக்காரரைக் கேட்டால் இரவிரவாகச் சொல்வார்கள். துணியில் இருக்கிற யானைக்குக் காது பெரிசு, ஆபிரிக்க யானை. ஆனால் அம்மா அதைத் தைக்கும்போதெல்லாம் சொன்னது அரியாத்தை கதை. ஆண்கள் கூடிப் பயந்து நின்ற யானையைத் தனியாகப் போய்ப் பிடித்துக் கட்டிய வேலப்பணிக்கன் பெண்சாதி. வன்னியின் பழைய கதை. மகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மெசின் ஒரு நிலைக்கு வந்து, கதையும் ஒரு நிலைக்கு வந்து, இரண்டும் ஒன்றாக ஓடும். யானைச் சதுரம் மூன்றும் மற்றவற்றைவிட நேராக வந்திருக்கின்றன என்று நான் சத்தியம் செய்வேன்.

துணி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். மிருகம் போட்ட கொட்டன் சீத்தை ஏ-9 வீதிக் கடையில் யார்க் கணக்கில் வாங்கினது. ஒன்பது துண்டுச் சதுரங்களுக்கு மட்டும் ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சிய வெட்டுத்துணி, கிலோக் கணக்கில் மூட்டையாக வருவது. கிளிநொச்சி அறிவியல்நகரில் மாஸ் நிறுவனத்தின் விடியல், வானவில் என்ற இரண்டு ஆடைத் தொழிற்சாலைகள், வவுனியாவில் ஒமேகா லைன், இவையெல்லாம் போருக்குப் பிறகு வந்தவை. விடிய பஸ் ஏறிப் போய் நேர்த்தையல் போடுகிற எத்தனையோ பிள்ளைகள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் வேகம் பார்க்கவேண்டும்! ஆனால் இழுபடுகிற ரீசேட் துணியை இந்தப் போர்வைக்குள் விடவே கூடாது. இழுபடாத கொட்டனோடு சேர்த்துத் தைத்தால் முதல் தோய்ப்பிலேயே அலையடித்து எழும்பும். மூட்டையை அவிழ்த்தவுடன் ஒவ்வொரு துண்டையும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்போம். இழுத்தால் வருவது ஒரு பக்கம், வராதது ஒரு பக்கம். பிறகு எல்லாத்தையும் தோய்த்து வெயிலில் போடவேண்டும். சாயம் விடுகிறது விட்டுவிடட்டும், சுருங்குகிறது சுருங்கட்டும். தோய்க்காத சிவப்பை வெள்ளை முயலுக்குப் பக்கத்தில் வைத்துத் தைக்கிறவரை நான் மன்னிக்கமாட்டேன்.

எந்த மிருகம் உள்ளே வரலாம், எது வரக்கூடாது? ஆகா, இதுதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம். கடையில் பார்த்த ஒரு துணியில் பச்சைப் பாம்புகள் சிரித்துக்கொண்டு சுருண்டு கிடந்தன. மகளுக்குக் கொள்ளை ஆசை. அம்மா ஒரே சொல்லில் முடித்தார்: "நாகதம்பிரானைக் காலுக்குக் கீழ போடுறதோ?" புளியங்குளத்துக்குப் பக்கத்தில் புதூர் நாகதம்பிரான் இருக்கிற நாடு இது, பொங்கலுக்குச் சனம் நடந்து போகிற இடம். பிள்ளை மிதிக்கிற, நனைக்கிற துணியில் பாம்பு வராது. யானை வரலாம், ஆனால் பிள்ளையாரின் முகம், ஆகவே கால்மாட்டுக்குப் போகாது, தலைமாட்டு வரிசையில்தான். மயில் முருகனுக்கு உரியது, அதற்கும் மேல் இடம். அம்மா அடுக்க அடுக்கப் போர்வைக்கு மேல் கீழ் வந்துவிட்டது. வாங்கிய துணியின் ஒரு மூலையில் வரிப்புலியும் இருந்தது. அம்மா கடதாசிச் சன்னலை அதற்கு மேலால் நகர்த்திக்கொண்டு போனார், நிற்கவில்லை. யாரும் காரணம் கேட்கவில்லை.

இதே கேள்வி யூத வீடுகளிலும் உண்டு என்று வாசித்தபோது எழும்பி நின்று கைதட்டினேன். லுபாவிச் என்கிற யூதப் பிரிவின் குரு மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சன் 1980களில் சொன்ன ஒரு விடயம். பச்சைப்பிள்ளையின் கண்ணில் படுகிற படங்களும் பொம்மைகளும் கூடியவரை சமய விதிப்படி உண்ணத்தக்க மிருகங்களாக இருக்கட்டும் என்றார். பிளந்த குளம்பும் அசைபோடுதலும் இரண்டும் இருக்கவேண்டும் என்பது அந்த விதி. மாடு சரி, ஆடு சரி, செம்மறி சரி, மான் சரி. கரடி, முயல், பன்றி ஆகாது. முயல் அசைபோடுவதுபோல வாயை அசைத்தாலும் குளம்பில்லை. அந்தச் சொல்லைப் பின்பற்றுகிற வீட்டில் பிள்ளைத்துணி வாங்கப் போகிற அம்மா, கடையில் கரடித்துணியை வைத்துவிட்டு ஆட்டுக்குட்டித் துணியைத் தேடுவார். எங்கள் அம்மா பாம்பை வைத்துவிட்டு மயிலைத் தேடுகிற மாதிரியே. ஒட்டகச்சிவிங்கிக்கு இரண்டு அடையாளமும் இருக்கிறது. அது அந்த வீட்டிலும் உள்ளே வரலாம், எங்கள் வீட்டிலும் வரலாம். மகளுக்கு இதைச் சொன்னவுடன் ஒட்டகச்சிவிங்கிக்குப் போர்வையின் நட்ட நடுவில் இடம் கொடுத்தாள்.

எல்லா யூத வீடுகளும் இப்படி என்றில்லை. பல பிள்ளைப் போர்வைகளில் நோவாவின் பேழைதான் ராசா. சிங்கம் சோடியாக, யானை சோடியாக, ஒட்டகம் சோடியாக, வெள்ளத்துக்குத் தப்பிக் கப்பல் ஏறுகிற மிருகங்கள். மிருகத்துணி வைத்திருக்கிறவருக்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா! சிறுத்தை, கழுகு, மான், சிங்கம் என்ற நாலும் அவர்களின் பழைய மூதுரை ஒன்றில் சேர்ந்து வருவதால் தொழுகைக்கூட ஓவியங்களிலும் தையல்களிலும் சேர்ந்தே திரியும்.

எங்களுக்கும் உள்ளூர் ஆள் ஒருவர் அந்தத் துணியில் அகப்பட்டார். பூநாரை. எங்கேயோ வெளிநாட்டில் யாரோ வரைந்த இளஞ்சிவப்புப் பறவை, ஒற்றைக் காலில் நிற்கிறது. அது சுண்டிக்குளத்தில் வந்து இறங்குகிற ஆள்தானே! கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில், கடலும் களப்பும் சேருகிற இடம். பறவைகள் சரணாலயமாக இருந்து 2015இல் தேசிய பூங்கா ஆனது. "இது எங்கட" என்று மகள் அந்தச் சதுரத்தில் கையை வைத்து மூடிக்கொண்டாள். அதற்கு வேலி பச்சை.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். வெள்ளிக்கிழமை எங்கள் வீடு வேறு வீடு. விடியவே கூட்டிக் கழுவி, குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கி, அம்மாவுக்கு விரதம், மற்ற எல்லாருக்கும் மரக்கறிச் சாப்பாடு. விறாந்தையில் விரித்த பாயைச் சுருட்டவேண்டும். சுருட்டினால் அடுக்கு குழம்பும். எனவே வரிசை வரிசையாகக் குண்டூசி குத்தி, வரிசைக்கு ஒரு கடதாசித் துண்டில் இலக்கம் எழுதி, எட்டு வரிசையையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிச் சுளகில் வைத்து அறைக்குள் கொண்டுபோவோம். மத்தியானம் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி முடித்தால் மூன்று மணி. மூன்றிலிருந்து ஆறு மணிவரை மெசின் பறக்கும்! வெள்ளிக்கிழமை மூன்று மணித்தியாலத்தில் முடிகிற சதுரம், மற்ற நாட்களில் முழுநாளும் முடியாது. ஏனென்றால் ஆறு மணிக்கு மேல் இல்லை. விளக்கு வைத்தால் ஊசி எடுக்கக்கூடாது. பக்கத்து வீட்டார் வந்து கேட்டாலும் ஊசி கொடுக்கக்கூடாது. "விளக்கு வைக்கிற நேரம், கையை எடு" என்று அம்மா சொன்னால் பாதித் தையலில் சக்கரம் நிற்கும்.

இப்போது நியூயோர்க்கில் ஒரு யூத வீட்டின் வெள்ளிப் பின்னேரத்தை எண்ணிப் பாருங்கோ. ரொட்டி வெந்துகொண்டிருக்கிறது, மேசைக்கு வெள்ளை விரிப்புப் போடுகிறார்கள், பிள்ளைகள் குளிக்கிறார்கள். சூரியன் படுவதற்கு 18 நிமிடம் முன்னால் மெழுகுதிரி ஏற்றுவது வழக்கம். ஏற்றியபின் சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை ஓய்வுநாள். ஓய்வுநாளில் செய்யக்கூடாத வேலைகள் என்று அவர்களின் பெரியவர்கள் வகுத்தவை 39. அதில் தைப்பதும் உண்டு. எத்தனை தையல் போட்டால் தைத்ததாகும் என்றுகூட எழுதிவைத்திருக்கிறார்கள்: இரண்டு! தைப்பதற்காகக் கிழிப்பதும் ஆகாது, முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதும் ஆகாது. ஆகவே அங்கேயும் வெள்ளி மூன்று மணிக்கு ஒரு அம்மா கடைசிச் சதுரத்தோடு மெசினை மிதித்துக்கொண்டிருக்கிறார், இன்னொரு கண் சன்னலில், வெயில் எங்கே இறங்குகிறது என்று பார்த்தபடி. இரண்டு இடத்திலும் வெள்ளி மாலைதான் வேலையை நிறுத்துகிறது. நிறுத்துகிறதால்தான் மத்தியானத்துக்குப் பிறகு கை இவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தப் பக்கத்திலேயே அப்படி ஒரு கை இருந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டிய பரதேசி யூதத் தொழுகைக்கூடம் இருக்கிற அதே தெருவில், சாரா கோஹன் தன் வீட்டோடு சேர்ந்த சின்னக் கடையில் பூவேலை செய்தார். வெள்ளிக்கிழமை ரொட்டியை மூடுகிற துணிகளும், ஆண்கள் தலையில் வைக்கிற தொப்பிகளும் அவர் கையால் போனவை. அந்த ரொட்டி இரண்டு கட்டியாக மேசையில் இருக்கும், ஆசீர்வாதம் சொல்லும்வரை துணியால் மூடியிருக்கும். 2019 ஆகஸ்டில் தன் 96ஆவது வயதில் அவர் இறந்தார். கடையைப் பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம், அவரைக் கடைசிவரை தாய்போலக் கவனித்த முஸ்லிம் மனிதர். மலையாளம் பேசுகிற தெருவில், யூத மேசைக்கான துணி, முஸ்லிம் கையால் விற்பனை! அந்தக் கடைவாசலில் ஒருநாள் நிற்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சதுரம் தைத்தவுடன் அயன் பண்ணவேண்டும். இதை விட்டுவிட்டு யாரும் நல்ல போர்வை தைத்ததில்லை. தையலின் உள்பக்கத்து மடிப்பைக் கடும் நிறப் பக்கம் சாய்த்து அழுத்தவேண்டும். வெளிர் பக்கம் சாய்த்தால் நிழல் தெரியும். ஒன்பது துண்டுச் சதுரத்தில் முதல் வரிசை மடிப்பு வெளியே, நடு வரிசை மடிப்பு உள்ளே, கடைசி வரிசை மறுபடி வெளியே. அப்படிச் செய்தால் இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது மடிப்பும் மடிப்பும் ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு நிற்கும். விரலால் தடவினால் தெரியும், ஒரு சின்ன "டக்". நாலு மூலை ஒரு புள்ளியில் வந்து சேரும். அந்த "டக்" கேட்டவுடன் அம்மா முகத்தைப் பார்க்கவேண்டும்!

மேல்துணி முடிந்தது. அடுத்தது உள்ளே என்ன வைப்பது. குளிர் நாட்டில் பஞ்சுப்பட்டை வைப்பார்கள். வன்னி வெயிலில் பஞ்சு வைத்தால் பிள்ளை வெந்துவிடும். அம்மாவின் பழைய நூல்சீலை இரண்டு, தோய்த்துத் தோய்த்துப் பூப்போல ஆனது, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. மூன்றையும் தரையில் இழுத்து விரித்து, சட்டைப்பின் குத்தி, கையால் ஓட்டுத்தையல். வங்காளத்துப் பெண்கள் காந்தா தைப்பதும் பழஞ்சீலையை அடுக்கித்தான், அதிலும் யானையும் மீனும் குதிரையும் ஓடும். வடகர்நாடகத்தில் ஆபிரிக்க வழிவந்த சித்திப் பெண்கள் கவண்டி என்று ஒன்று தைக்கிறார்கள். கரையிலிருந்து தொடங்கி நடுவுக்கு வந்து, கடைசியில் நாலு மூலையிலும் மடித்த துணியால் பூ வைப்பார்கள், பூ இல்லாவிட்டால் போர்வை முடியவில்லை. அதைக் கேட்டதிலிருந்து அம்மாவும் மூலைக்கு ஒரு மடிப்புப் பூ வைக்கிறார்.

அந்த இரண்டு சீலையையும் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2009இல் போருக்குள் எங்கள் சனம் கிழக்கே கிழக்கே நகர்ந்தபோது சீலைகளை வெட்டி மண்மூட்டை தைத்தார்கள். பதுங்குகுழிக்கு மேல் அடுக்க வேறு பை இல்லை. கூறைச்சீலைகூடப் போனது. அம்மாவும் தைத்தார், கையால், இருட்டில். மிஞ்சி வந்தவை இந்த இரண்டும். போன கிழமை அம்மா அவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, மூக்கில் வைத்து மணந்து, "இது மெத்தென்று இருக்கும், இதைப் போடுவம்" என்று சொன்னார். பிறகு நூல் கோர்க்கச் சொல்லி ஊசியை என்னிடம் நீட்டினார்.

ஓட்டுத்தையல் போடும்போது வீட்டில் எல்லாரும் கூடிவிடுவார்கள். இவர், என் வீட்டுக்காரர், வயலால் வந்து கைகால் கழுவிவிட்டு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு இருப்பார். மகள் தேய்ந்த நூல்கட்டைகளை உருட்டுவாள். ஒருநாள் பின்கதவு திறந்துகிடந்து, கோழி ஒன்று நேரே ஏறி வந்து பூநாரைக்கு மேல் நின்றது. நாலு பேரும் ஒன்றாகக் கத்தினோம். கோழி அசையவில்லை, தலையைச் சரித்து ஆமையை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தது. "அது துணியடி, லூசுக் கோழி!" என்று மகள் அதற்கு விளங்கப்படுத்தினாள்.

கரைப்பட்டியும் கட்டியாயிற்று. ஒன்று பாக்கி: பேர். இங்கே மறுபடி ஒரு யூதத் துணியைச் சொல்லாமல் போகமுடியாது, விம்பெல். செருமனியிலும் அதை அடுத்த நாடுகளிலும் இருந்த யூதர்கள், ஆண்பிள்ளைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்யும்போது சுற்றிய துணியைத் தூக்கி எறிவதில்லை. தோய்த்து, பட்டிகளாக வெட்டி, ஒன்றோடொன்று தைத்து நீளமாக்கி, அதில் பிள்ளையின் பேரும் பிறந்த திகதியும் வாழ்த்தும் நிற நூலால் எழுதுவார்கள். எழுத்துக்கு நடுவில் பறவையும் மிருகமும் குந்தியிருக்கும். பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் அதைத் தொழுகைக்கூடத்துக்குக் கொண்டுபோய், வேதச் சுருளைச் சுற்றிக் கட்டுவார்கள். பிறந்த துணியே வேதத்துக்குக் கட்டுகிற துணி! அம்மா இதைக் கேட்டு, "அப்ப நாங்களும் பேர் எழுதவேணும்" என்றார். நாலங்குல வெள்ளைத்துணியில் இடம் விட்டு, போர்வையின் பின்மூலையில் தைத்து வைத்தோம். ஆனால் பேர் தெரியாதே! நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்து, இரண்டு பக்கத்து ஆட்களும் பேசி முடிக்கவேண்டும்.

முப்பத்தோராம் நாள் காலை புதுக்குடியிருப்பில் வளவு முழுக்கச் சனம். கொட்டிலுக்குள் பெரிய கிடாரத்தில் சோறு, வாசலில் நிறைகுடம், உள்ளே ஐயர். பிள்ளையை ஏணையால் எடுத்துப் போர்வையில் வளர்த்தியவுடன் சனம் குனிந்தது. "இதென்ன, பூநாரையோ?" "ஒட்டகச்சிவிங்கிக்கு முழுக் கழுத்தும் வந்திருக்கு பார்!" மகள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மிருகமாக அறிமுகம் செய்துவைத்தாள், வேலி நிறத்தோடு. பேர் முடிவாகி அறிவித்தபோது அம்மா ஊசியும் சிவப்பு நூலுமாகத் தயாராகத் திண்ணையில் குந்தியிருந்தார். பேர் நாங்கள் நினைத்ததைவிட நீளம். நாலங்குலத்துக்குள் அடங்கவில்லை. பெரியம்மா சின்ன எழுத்தாக எழுதச் சொன்னார், மாமி இரண்டு வரியாக எழுதச் சொன்னார், பிள்ளையின் அப்பப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்து எழுத்துக்கூட்டிச் சொன்னார். மகள்தான் முடித்துவைத்தாள்: "கடைசி எழுத்தைப் பக்கத்துச் சீலைக்கு மேல போடுங்கோ அம்மம்மா!" அம்மா அப்படியே போட்டார். பேர் வெள்ளைத்துணியைத் தாண்டிச் சீலைக்கு மேல் ஏறிப் போனது. வெளியே ஹையேஸ் வான் ஹோர்ன் அடித்தது, இவர் "வெளிக்கிடுங்கோ" என்று கூப்பிட்டார். அம்மா தலை நிமிரவில்லை. "ன்"னுக்கு மேலே புள்ளி இன்னும் வைக்கவில்லை.